ஓட்டு வீட்டுக்குள்ள வாஷ்பேசின்: லைன் எப்படி இழுக்குறது? டேங்க் உயரம் 8 அடிதான்

அரசலாற்றங்கரையான் (கும்பகோணம் பக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். தாத்தா கட்டுன ரெண்டு கட்டு ஓட்டு வீடு எங்களது. அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி நாலு மாசம் ஆகுது. இன்னும் கொல்லையில கிணத்தடிக்குப் போய்த்தான் மூஞ்சி கழுவுறார். மழை பேஞ்சா அந்தக் களிமண்ணு சோப்பு மாதிரி வழுக்கும், தெரியும்ல. அதனால பின்கட்டுல குதிர் இருந்த அறையை பாத்ரூமா மாத்திக்கிட்டு இருக்கோம். முதல் வேலை வாஷ்பேசின்.

விவரம்: சுவர் 14 இஞ்ச், செங்கல், சுண்ணாம்புக் காரை. ஓட்டு மேல டேங்க் வைக்க முடியாதுன்னு மோட்டார் ரூம் கான்கிரீட் கூரை மேல 500 லிட்டர் டேங்க் வெச்சிருக்கோம். டேங்க் அடி தரையிலேருந்து 8 அடி. அங்கேருந்து பேசின் வர்ற இடம் சுமாரா 35 அடி. போர் தண்ணிதான், காவி படியும்.

பிளம்பர் அண்ணன் சுவத்துல காடி வெட்டி அரை இஞ்ச் பைப்பைப் பதிச்சுடலாம்ங்கிறார். அப்பா "அந்தச் சுவத்துல உளி வெச்சா நான் கிணத்தடிக்கே போறேன்"ங்கிறார். இதுக்கு நடுவுல சென்னையிலேருந்து மச்சான் ஒரு சிங்கிள் லீவர் மிக்ஸர் (ஒரே கைப்பிடியில வெந்நீரும் பச்சைத் தண்ணியும் கலந்து வர்ற குழாய்) வாங்கி அனுப்பிட்டான், நல்ல விலை போல. உள்ள பதிக்கலாமா, வெளியில ஓட்டலாமா? வெந்நீர் லைனும் இப்பவே போடணுமா? சொல்லுங்க.

ஸ்பானர் மாமா (மன்னார்குடி)

தம்பி, நான் 30 வருஷம் இந்த வேலை பாத்துட்டு இப்ப கடையில உக்காந்திருக்கேன். உங்கப்பா சொல்றதுல பாதி நியாயம் இருக்கு.

சுண்ணாம்புச் சுவத்துல உளி, சுத்தியல் வேண்டாம். ஒரு அடி வெட்டுனா ரெண்டு அடிக்குக் காரை உதிரும், உள்ள செங்கல்லு ஆடும். கட்டிங் மிஷின்ல ரெண்டு கோடு கிழிச்சு, நடுவுல இருக்குறதை மட்டும் மெதுவா எடுக்கணும். ஒன்றரை இஞ்ச் ஆழம் போதும். மேலேருந்து கீழே நேரா வெட்டலாம். படுக்கை வசத்துல நீளமா வெட்டாதே.

நான்னா அந்தச் சுவத்தைத் தொடவே மாட்டேன். அதுக்கு முன்னாடி நாலரை இஞ்ச் செங்கல்ல ஒரு அரைச்சுவர், 3 அடி உயரத்துக்கு. பைப்பு, வேஸ்ட்டு எல்லாம் அதுக்குள்ள. மேல ஒரு கடப்பாக் கல்லு போட்டுட்டா சோப்பு, பிரஷ்ஷு வைக்க இடம் ஆச்சு. பேசின் வெயிட்டையும் அதுல தாங்க விடலாம். பழைய காரையில போல்ட் அடிச்சு பேசினைத் தொங்கவிட்டா, உங்கப்பா எந்திரிக்கும்போது அதைப் பிடிச்சு ஒரு தடவை அழுத்துனாப் போதும், போல்ட் கையோட வந்துடும்.

பழைய பேருந்து (மயிலாடுதுறை)

எதுக்கு இந்த பிளாஸ்டிக் எல்லாம்? ஜிஐ பைப் (துத்தநாக முலாம் பூசின இரும்புப் பைப்பு) போடுங்க. எங்க வீட்டுல 1984ல போட்டது இன்னும் நிக்குது.

ஸ்பானர் மாமா

நிக்குது ஐயா, தண்ணி வருதான்னு சொல்லுங்க. காவித் தண்ணி ஓடுற பழைய ஜிஐ பைப்பை அறுத்துப் பாத்திருக்கேன். வெளியில முக்கால் இஞ்ச், உள்ள பென்சில் நுழையுற ஓட்டை.

பழைய பேருந்து

கொஞ்சம் மெதுவாத்தான் வருது.

ரசமட்டம் (தஞ்சாவூர்)

எல்லாரும் சுவத்தைப் பத்தியே பேசுறீங்க, எனக்கு அந்த 8 அடிதான் உறுத்துது.

தண்ணி எவ்வளவு உயரத்துல நிக்குதோ அவ்வளவுதான் அழுத்தம். 10 மீட்டர் உயரம் இருந்தாத்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ பிரஷர். உங்க டேங்க் அடி 8 அடியில, பேசின் குழாய் வாய் 3 அடியில. மிச்சம் 5 அடி, ஒன்றரை மீட்டர். அதாவது 0.15 கிலோ. டேங்க் நிரம்பி இருந்தா இன்னொரு 3 அடி கூடும், அவ்வளவுதான். அந்த சிங்கிள் லீவர் ஜாதி மிக்ஸருக்கு அட்டையிலயே பாருங்க, குறைஞ்சது அரை கிலோ, சிலதுக்கு ஒரு கிலோ கேக்கும். உள்ள இருக்குற பீங்கான் கார்ட்ரிட்ஜ்ல ஓட்டை சின்னது, அதுக்கு வர்ற கனெக்‌ஷன் பைப்பு அதைவிடச் சின்னது. மச்சான் இருக்குற அபார்ட்மென்ட்ல ஆறாவது மாடி டேங்க்குக்கு அது சரி.

சுவத்துல கை வைக்குறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணுங்க. கொல்லையில இப்ப இருக்குற குழாயில ஒரு ஹோஸ் மாட்டி, மறுமுனையில மிக்ஸரை இணைச்சு, 3 அடி உயரத்துல பிடிச்சுக்கிட்டு ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப எத்தனை செகண்டுன்னு எண்ணுங்க. செலவு ரெண்டு கிளிப்.

வெண்ணாத்து மீன் (நீடாமங்கலம்)

பிரஷர் பம்ப் ஒண்ணு வெச்சுட்டா முடிஞ்சுது. எதுக்கு இவ்வளவு கணக்கு.

ரசமட்டம்

கரண்ட் போனா அப்பா மறுபடி கிணத்தடிக்கா? ஒரு பேசினுக்கு பம்ப் வைக்குறது கொசுவுக்கு வேட்டு வைக்குற கதை.

கொல்லைக் குழாயடி (திருவையாறு)

பம்ப் பத்தி என் அனுபவத்தையும் கேட்டுக்குங்க. போன வருஷம் நாங்க பம்ப் போட்டுத்தான் இருந்தோம். பேசின் கீழ வெள்ளி மாதிரி பின்னல் போட்ட கனெக்‌ஷன் பைப்பு இருக்குமே, அது ஒரு நாள் ராத்திரி வெடிச்சுது. நாங்க ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பம்ப் தானா ஓடி டேங்க்கையே காலி பண்ணிடுச்சு. ஹால்ல வெச்சிருந்த உளுந்து மூட்டை நாலும் நனைஞ்சு, மறுநாள் வந்து பாத்தா மூட்டைக்குள்ளேயே முளை விட்டிருக்கு.

எதனால வெடிச்சுதுன்னு பாத்தா, தப்பு நாங்க பண்ணதுதான். டைல்ஸ் ஒட்டின கறை போகணும்னு ஆசிட் வாங்கி ஊத்திக் கழுவினோம். மிச்ச பாட்டிலை மூடி சரியா போடாம பேசினுக்குக் கீழேயே வெச்சிருந்தோம். அந்தப் புகை அந்தப் பின்னல் கம்பியைத் தின்னுடுச்சு. கையில எடுத்துப் பாத்தேன், பழுப்பா ஊசி ஊசியா உதிருது, உள்ள ரப்பர் குழாய் மட்டும் பலூன் மாதிரி துருத்திக்கிட்டு இருக்கு. எவர்சில்வர்தானே, துருப்பிடிக்காதுன்னு நினைச்சுடாதீங்க. ஆசிட்டுக்கு அதுவும் தாங்காது.

அரசலாற்றங்கரையான்

ஐயோ அக்கா, எங்க பேசினுக்குக் கீழயும் ஆசிட் பாட்டில் வைக்கத்தான் அம்மா இடம் பாத்து வெச்சிருந்தாங்க. சொல்லிட்டேன்.

ரசமட்டம் சார், சோதனை பண்ணேன். டேங்க் பாதி இருந்துச்சு. மிக்ஸர்ல ஒரு லிட்டர் நிரம்ப 40 செகண்ட். அதே இடத்துல பழைய பித்தளைக் குழாய்ல 11 செகண்ட். அப்பா பக்கத்துல நின்னு பாத்துட்டு, "இதுல பல்லு வெளக்குறதுக்குள்ள மோர் சோறு ஆறிடும்"ன்னார்.

உப்பளக்காத்து (வேதாரண்யம்)

மோர் சோறு ஏற்கனவே ஆறினதுதானே 😀

டேங்க்கை ஏத்துங்க தம்பி, அதுதான் ஒரே வழி. ஆனா ஏத்துறதுன்னா காத்தையும் நினைச்சுக்குங்க. 2018 நவம்பர் 16 விடியறதுக்கு முன்னாடி கஜா புயல் அடிச்சப்ப எங்க டேங்க் காலியா இருந்துச்சு. காலையில தேடுனா ரெண்டு வீடு தள்ளி விழுந்து கிடந்த தென்னை மரத்துக்கு நடுவுல கிடக்கு. அவுட்லெட் பைப்பு முறிஞ்சு ஆடிக்கிட்டு இருக்கு. அப்புறம் கரண்ட் வர மூணு வாரத்துக்கு மேல ஆச்சு, அடிபம்புதான் எங்களைக் காப்பாத்துச்சு. இப்ப புயல்னு சொன்னாலே முதல் வேலையா டேங்க்கை ரொப்பிடுவேன். 500 லிட்டர்னா 500 கிலோ, அவ்வளவு சுலபமா பறக்காது. நைலான் கயிறு போட்டு நாலு பக்கமும் கட்டியும் வெச்சிருக்கேன்.

இன்னொண்ணு, எங்க பக்கம் மாதிரி உப்புத் தண்ணின்னா பளபளன்னு இருக்குற மலிவுக் குழாய் எதுவும் வாங்காதீங்க. முலாம் உரிஞ்சு ஒரு வருஷத்துல பச்சை பூத்துடும். நாங்க வெள்ளை பிளாஸ்டிக் பிடிஎம்டி குழாய்தான் மாட்டுறோம். பாக்க ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும், ஆனா ஒழுகாது. உங்க ஊர்ல உப்பு இல்ல, காவிதான், பித்தளை தாங்கும்.

ஸ்பானர் மாமா

சரி, இப்ப லைனுக்கு வர்றேன். நீ கேட்டது அதுதானே.

டேங்க்லேருந்து அறை வரைக்கும் ஒரு இஞ்ச் யுபிவிசி பிளாஸ்டிக் பைப்பு. பச்சைத் தண்ணிதான் ஓடப்போகுது, அது போதும். டேங்க் அவுட்லெட் அடியிலேருந்து ரெண்டு மூணு இஞ்ச் மேல இருக்கட்டும், காவி கீழ தங்கிடும். தனியா டேங்க் அடியில ஒரு வாஷ் அவுட் (கழுவி விடுற வாய்) வெச்சு மாசம் ஒரு தடவை திறந்து விடு. அவுட்லெட்டை ஒட்டி ஒரு பால் வால்வு, வால்வு தாண்டின உடனே டேங்க் உயரத்துக்கு மேல ஒரு ஏர் பைப். அது இல்லேன்னா லைன்ல காத்து மாட்டிக்கிட்டு, தண்ணி இருந்தும் குழாய் இருமும். உன் பிரஷருக்கு அந்தக் காத்தைத் தள்ளச் சக்தி கிடையாது. அதே காரணத்துக்குத்தான் சொல்றேன், பைப்பை எங்கேயும் ஏத்தி இறக்காதே. டேங்க்லேருந்து இறங்கிட்டா இறங்கினதாவே இருக்கணும்.

கொல்லையில மண்ணுக்குள்ள போகுதுன்னா வெறும் களிமண்ணுல புதைக்காதே. சித்திரையில வெடிக்கும்போது மண்ணு பைப்பையும் சேத்து இழுக்கும், ஜாயின்ட்ல விட்டுடும். ஒன்றரை அடி தோண்டி, கீழேயும் மேலேயும் ஆத்து மணல் போட்டு மூடு.

அறைக்குள்ள முக்கால் இஞ்ச் சிபிவிசி, அது வெந்நீரும் தாங்குற பிளாஸ்டிக் பைப்பு. பேசினுக்குக் கிட்ட வந்தப்புறம் கடைசி ரெண்டு அடிதான் அரை இஞ்ச். உன் பிளம்பர் 35 அடியும் அரை இஞ்ச்ல இழுக்கப் பாக்குறார், அதுதான் தப்பு.

ரசமட்டம்

மாமா சொல்றதுக்குக் கணக்கு: அரை இஞ்ச் சிபிவிசி உள்விட்டம் சுமார் 12.4 மில்லி. முக்கால் இஞ்ச் சுமார் 18. பாக்க ஆறு மில்லிதான் வித்தியாசம். ஆனா அதே உயரத்துக்கு, அதே தூரத்துக்கு முக்கால்ல இரண்டரை மடங்குக்கு மேல தண்ணி ஓடும்.

வெண்ணாத்து மீன்

யுபிவிசியும் சிபிவிசியும் எப்படி சேரும்? ரெண்டுலயும் அரை இஞ்ச்னுதான் போட்டிருக்கு, கடையில வாங்கிட்டு வந்தா ஒண்ணுக்குள்ள ஒண்ணு லொடலொடன்னு ஆடுது.

ஸ்பானர் மாமா

ஆடத்தான் செய்யும். பேர் ஒண்ணு, அளவு வேற. அரை இஞ்ச் யுபிவிசி வெளிவிட்டம் 21.3 மில்லி, சிபிவிசி 15.9. சொல்யூஷனை அப்பி ஒட்டிடலாம்னு பாக்காதே. இந்தப் பக்கம் ஒரு எஃப்டிஏ (உள்மரை இணைப்பு), அந்தப் பக்கம் ஒரு எம்டிஏ (வெளிமரை இணைப்பு), மரை வெச்சுத்தான் சேக்கணும். சொல்யூஷனும் ரெண்டுக்கும் வேற வேற.

அரசலாற்றங்கரையான்

சுவத்துலேருந்து தண்ணி வெளிய வர்ற பாயின்ட் உயரம் எவ்வளவு மாமா? அப்பா நாற்காலி போட்டு உக்காந்தும் கழுவணும்.

ஸ்பானர் மாமா

பேசின் மேல் விளிம்பு 32 இஞ்ச் வைப்போம். உங்கப்பாவுக்கு 30 வை. பாயின்ட் 20 இஞ்ச்ல. எல்லாம் டைல்ஸ் போட்டு முடிச்ச தரையிலேருந்து, இப்ப இருக்குற தரையிலேருந்து இல்ல. இதை மறந்துட்டு அளக்குறவங்கதான் பாதிப் பேர். ரெண்டு பாயின்ட்டுக்கும் நடுவுல 8 இஞ்ச், எதிர்ல நின்னு பாத்தா இடப்பக்கம் வெந்நீர், வலப்பக்கம் பச்சைத் தண்ணி. ரெண்டும் ஒரே ரசமட்டத்துல இருக்கணும்.

பாயின்ட்டுல வர்ற எல்போ (பைப் வளைவு) உள்மரை பித்தளையா இருக்கணும். முழு பிளாஸ்டிக் மரையில ஆங்கிள் காக்கை (பேசினுக்குக் கீழ சுவத்துல வர்ற சின்ன வால்வு) ஒரு சுத்து அதிகமா முறுக்குனா உள்ள கீறல் விழும். டைல்ஸ் ஒட்டினப்புறம்தான் சுவர் வேர்க்க ஆரம்பிக்கும். எல்போ வாய் டைல்ஸ் முகத்தோட ஒண்ணா நிக்கணும். உள்ள போயிட்டா எக்ஸ்டென்ஷன் நிப்பிள் போட்டு வெளியே கொண்டு வரணும், அது ஒரு ஜாயின்ட் கூடுதல், ஒரு ஒழுகல் கூடுதல். டெஃப்லான் டேப்பு ஆங்கிள் காக் மரைக்கு மட்டும், பத்து சுத்து, முறுக்குற திசையிலேயே. கனெக்‌ஷன் பைப் நட்டுக்கு டேப்பே வேண்டாம், உள்ள வாஷர் இருக்கு. கையால இறுக்கி, ஸ்பானர்ல ஒரு கால் சுத்து. போதும்.

வெந்நீர் லைன் இப்பவே இழுத்துட்டு டம்மி மூடி போட்டு வை. சுவத்தை ரெண்டாந்தடவை உடைக்காம இருக்கலாம்.

ரசமட்டம்

கூடவே ஒண்ணு. டைல்ஸ் போடுறதுக்கு முன்னாடி சுவத்துல அளவு டேப்பை விரிச்சுப் பிடிச்சு நாலு போட்டோ எடுத்துக்குங்க. பின்னாடி கண்ணாடி மாட்ட டிரில் போடும்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கொல்லைக் குழாயடி

வேலையை ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள முடிச்சுடுங்க. ஜூன் 12 மேட்டூர் திறந்து, அரசலாறு ரொம்பி, ஊரு நனைஞ்சுட்டா அந்தப் பழைய சுவர் கீழேருந்து ஈரம் குடிக்கும். பூச்சு காயவே காயாது.

அரசலாற்றங்கரையான்

மூணு வாரம் கழிச்சு வர்றேன். வேலை முடிஞ்சுது, ஆனா ஒரு கூத்து நடந்துச்சு, அதைச் சொல்லணும்.

அரைச்சுவர் கட்டி, லைன் எல்லாம் மாமா சொன்னபடி போட்டாச்சு. பிளம்பர் அண்ணன் டேங்க் வால்வைத் திறந்து, "பாத்தீங்களா, ஒரு சொட்டு இல்ல, பூசிடலாம்"ன்னார். 0.15 கிலோவுல எது ஒழுகும்? கும்பகோணத்துல ஒரு கடையில கை பம்ப் டெஸ்டர் வாடகைக்கு எடுத்துட்டு வந்தேன். அவருக்கு முகம் சுருங்கிப் போச்சு. ஒட்டி ஒரு நாள் முழுக்கக் காய விட்டு, மறுநாள் 7 கிலோ ஏத்தி வெச்சோம். அரை மணியில முள்ளு ஐந்தரைக்கு இறங்கிடுச்சு.

ஒவ்வொரு ஜாயின்ட்டா டிஷ்யூ பேப்பர் சுத்திப் பாத்தேன். வெந்நீர் பக்க எல்போவுல பேப்பர் ஓரம் மட்டும் கருத்துச்சு. அறுத்து எடுத்துப் பாத்தா, பைப்பு எல்போவுக்குள்ள பாதி தூரம்தான் போயிருக்கு. சொல்யூஷன் டப்பாவைத் திறந்தேன். தேன் மாதிரி வழியணும்தானே? குச்சியை விட்டுத் தூக்குனா நுங்கு மாதிரி கட்டியா மொத்தமா வந்துச்சு. போன வருஷத்து டப்பா. "கொஞ்சம் தின்னர் ஊத்திக்கலாம்"ன்னு அண்ணன் சொன்னதும் நானே போய்ப் புது டப்பா வாங்கிட்டு வந்தேன்.

ஸ்பானர் மாமா

தின்னர் ஊத்துனா ஒட்டுறது எங்க, ஒட்டுன மாதிரி நடிக்கும். புது டப்பாவுல எப்படி ஒட்டுன?

அரசலாற்றங்கரையான்

நேரா அறுத்து, உள்ள வெளிய பிசிர் எடுத்து, காய்ஞ்ச துணியால துடைச்சு, பைப்புக்கும் எல்போவுக்கும் பூசி, கால் சுத்து திருப்பிக்கிட்டே உள்ள தள்ளி, 30 எண்ணுற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நின்னோம். பிடிக்கலேன்னா அது மெதுவாப் பின்னாடி வருது, நானே பாத்தேன். மறுநாள் மறுபடி 7 கிலோ. ராத்திரி வெச்சது காலையிலயும் 7ல நின்னுச்சு. அப்புறம்தான் கொத்தனாரை விட்டோம்.

டேங்க்குக்கு இரும்பு ஸ்டாண்டு 4 அடி, காலை மோட்டார் ரூம் சுவரு மேல நிறுத்தி, வேதாரண்யம் அண்ணன் சொன்னபடி கட்டியாச்சு. இப்ப அடி 12 அடியில. பேசின்ல ஒரே ஒரு பில்லர் காக் (பேசின் மேல நிக்குற ஒத்தைக் குழாய்), பச்சைத் தண்ணி மட்டும். நுனியில இருந்த ஜல்லடையைக் கழட்டிட்டேன், ரெண்டே நாள்ல காவி மணல் அடைச்சுது. ஒரு லிட்டர் 9 செகண்ட்.

பழைய பேருந்து

மிக்ஸர் என்ன ஆச்சு?

அரசலாற்றங்கரையான்

ஸ்டாண்டு ஏத்துனதும் ஆசையா அதையும் மாட்டிப் பாத்தேன் ஐயா. 32 செகண்ட். மறுபடி அட்டைப் பெட்டியில போட்டு பரண் மேல வெச்சாச்சு. பொங்கலுக்கு மச்சான் குடும்பத்தோட வர்றான், அவன்கிட்ட என்ன சொல்றதுன்னுதான் இப்ப யோசனை.

ஸ்பானர் மாமா

கனெக்‌ஷன் பைப்பு ஒரே ஒரு நட்டுதானே. போகி அன்னிக்கு மாட்டு, காணும் பொங்கல் சாயங்காலம் கழட்டு. உங்கப்பாவை மட்டும் வாயைத் திறக்காம இருக்கச் சொல்லு.